ஐந்தாம் எண்காரர் குடியிருந்த வீடு

ஒரு சுவரைக் காப்பாற்ற உயிரையும் கொடுப்பது என்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தீர்மானித்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் தீர்மானத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. உரக்கச் சொன்ன தீர்மானம் எதுவும் எங்கள் வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் பிழைத்ததில்லை.

சுவர் என் வாசிப்பறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்பது. அந்தப் பக்கம் என் மனைவியின் தையல் வகுப்பு. பதினோரு மாணவிகள், ஒன்பது மெஷின்கள், இடமில்லாமல் நடையில் உட்கார்ந்து காஜா எடுக்கும் இருவர். இந்தப் பக்கம் நான், ஒரு மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, நாலாயிரத்துச் சொச்சம் அட்டைகள்.

"திங்கக்கிழமை கொத்தனார் வர்றாரு" என்றாள் மனைவி, முந்தின நாள் சாப்பாட்டின்போது.

"எதுக்கு?"

"சுவரை எடுக்க."

"எந்தச் சுவரை?"

"நம்ம வீட்ல வேலைவெட்டி இல்லாம நிக்கிறது அது ஒண்ணுதானே."

சுவரை மட்டும்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதால்தான் பத்தொன்பது வருஷமாகக் குடும்பம் நடக்கிறது.

"சுவர் போச்சுன்னா என் ரூம் என்னாகும்?"

"ரூமுக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கும். சுவர்தான் இருக்காது."

என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றைத் தொகுக்கும் அலுவலகத்தில், ஒரே பெயர்ப் பிரிவு என்று ஒரு மூலை இருக்கிறது. அந்த மூலைக்கு அதிகாரி, குமாஸ்தா, கதவு சாத்துகிறவர் எல்லாம் நான்தான். ஒரே பெயரில் இரண்டு பிரபலங்கள் வாழ்ந்துவிட்டுப் போயிருந்தால், அவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் பிரித்து வைப்பது என் வேலை. ஆளுக்கு ஓர் அட்டை. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் பெற்ற பிள்ளையை இன்னொருவர் மடியில் நான் போட்டதில்லை. ஒருவர் செத்ததற்கு இன்னொருவரைப் புதைத்ததில்லை.

எங்கள் தெருவுக்கே அப்படி ஒரு பெயர்தான். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் நாலு பேராவது, அவர் எங்கள் கொள்ளுத்தாத்தா என்று கடிதம் போடுவீர்கள். எனக்கு ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள்.

எண் ஒன்று, தளபதி. மூன்று போர்களில் ஜெயித்து, நாலாவதில் சளி பிடித்து இறந்தவர். எண் இரண்டு, வைத்தியர். காய்ச்சலுக்கு ஒரு மருந்து கண்டவர். குடித்தவர்கள் காய்ச்சலே தேவலை என்றார்கள், ஆனால் பிழைத்தார்கள். எண் மூன்று, வானநூலார். ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, மறுநாளே தொலைத்தவர். எண் நான்கு, பாலம் கட்டியவர். பாலம் இருக்கிறது, ஆறுதான் வேறு பக்கம் போய்விட்டது. இந்த ஐவரில் யார் நினைவாகத் தெருவுக்குப் பெயர் வைத்தார்கள் என்பது நகராட்சிக் கோப்பில் இருந்தது. கோப்பு இப்போது கரையான் வயிற்றில் இருக்கிறது.

எண் ஐந்து என் சொந்தக் கண்டுபிடிப்பு. பழைய குடியிருப்புப் பதிவேடு ஒன்றில், எங்கள் தெரு, பதினேழாம் எண் வீடு என்பதற்கு நேராக அந்தப் பெயர் இருந்தது. பக்கத்தில் 'பயிற்சி நிலையம், மாணாக்கர் முப்பது' என்ற குறிப்பு. அதே வருஷத்து நகராட்சி ஊழியர் பட்டியலில் அதே பெயரில் ஒரு வடிகால் மேற்பார்வையாளர். ஊர் ஒன்று, வருஷம் ஒன்று, பெயர் ஒன்று. இரண்டையும் இணைத்தேன். வடிகால்காரர் தம் ஆட்கள் முப்பது பேரை வீட்டிலேயே வைத்துப் பழக்கியிருக்கிறார் என்று தெளிந்தது. "இவரையெல்லாமா சேர்ப்பது?" என்றார் தலைமை ஆசிரியர். வாதாடிப் பொடி எழுத்தில் நாலு வரி வாங்கிக் கொடுத்தேன்.

பதினேழாம் எண் வீடு, நாங்கள் இருக்கிற வீடு.

இப்போது என் திட்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் ஊரில் பழங்கட்டடங்களைப் பாதுகாக்க ஓர் அலுவலகம் உண்டு. சான்றோர் வாழ்ந்த வீடு என்று அவர்கள் முத்திரை குத்திவிட்டால், அதில் ஓர் ஆணியைப் பிடுங்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. விண்ணப்பத்தில் 'இவ்வீட்டில் வாழ்ந்த சான்றோரின் பெயர்' என்று ஒரு கட்டம். பெயரை எழுதினேன். எண்ணைப் போடவில்லை. பார்ப்பவர்கள் வைத்தியர் என்றோ தளபதி என்றோ நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. நான் எழுதியதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. ஆனாலும் பேனா அடைப்புக்குறி போடத் துடித்தது. வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பதிவேட்டில் பெயரும் வீட்டு எண்ணும் இருந்த வரியை மட்டும் நகல் எடுத்து இணைத்து அனுப்பிவிட்டு, மனைவியிடம் போனேன்.

"இந்த வீட்டுல பெரிய மனுஷர் ஒருத்தர் வாழ்ந்திருக்கார், தெரியுமா?"

"தெரியுமே. எங்கப்பா."

"அவர் வாங்கறதுக்கு முன்னாடி. ரொம்ப முன்னாடி. நம்ம தெருப் பேர்க்காரர்."

"யாரு, தளபதியா?"

"இல்ல, அவர் ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒண்ணாம் நம்பர்."

"அப்ப வைத்தியரா?"

"அவர் ரெண்டு."

"நட்சத்திரம் பாத்தவரா?"

"அவர் மூணு."

"அப்ப இவரு யாருங்க?"

"அதான் சொல்றேனே, அதே பேர்தான்."

"பேரு தெரியுது. ஆளு யாரு?"

"அந்தப் பேருள்ள ஆளு."

ஊசியில் நூல் கோக்கிற நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. போனை எடுத்தாள். "அண்ணே, திங்கக்கிழமை வேணாம். நான் சொல்றப்ப வாங்க."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாததால் லேசாகத் தலை சுற்றியது.

செய்தி தெருவில் பரவிற்று. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுப் பட்டாளத்தார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமாகியும் இன்னும் வாசலில் நின்று காவல் காப்பவர். தளபதியின் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சுவர்ல மாட்டணும் சார். தளபதி படுத்த இடம் இது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது."

"தளபதின்னு நான் சொல்லலையே."

"நீங்க சொல்ல வேணாம் சார். அடக்கம் உங்களுக்கு. எனக்குத் தெரியும்."

மாட்டினார். மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு வந்து சுவருக்குச் சல்யூட் அடித்துவிட்டுப் போனார். எனக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறார் என்று முதல் இரண்டு நாள் நான் பதில் சல்யூட் அடித்தேன்.

மூன்றாம் நாள் தெருமுனை கிளினிக்கின் டாக்டரம்மா வந்தார். "வைத்தியர் வாழ்ந்த ரூமைப் பாக்கணும். இங்கதான் மருந்து அரைச்சாராமே?"

"யார் சொன்னா?"

"என் பேஷண்ட் எல்லாரும் சொல்றாங்க."

பட்டாளத்தார் விறைத்தார். "எந்த வைத்தியர்? இது தளபதி வீடு."

"தளபதிக்கு எதுக்குங்க வீடு? அவர் கூடாரத்துல இல்ல இருந்தார்?"

"வருஷம் பூராவுமா சண்டை போடுவாங்க? லீவு கிடையாதா?"

"சார் இருக்காரே, அவரையே கேளுங்க."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் சுவர் போச்சு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிலைத் தேடினேன். "காய்ச்சல்ல இருந்த படையை வைத்தியர் குதிரை மேல போய்..." என்று ஆரம்பித்தேன். எங்கே போனார் என்று எனக்கே தெரியவில்லை. குதிரை யாருடையது என்று பட்டாளத்தார் கேட்டார். சளி யாருக்கு என்று டாக்டரம்மா கேட்டார். நான் ஏதோ சொன்னேன். அன்று மாலைக்குள், வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பாலத்திலிருந்து விழுந்த தளபதிக்கு அவரே மருந்து கொடுத்துக்கொண்டார் என்பதாகக் கதை தெருக்கோடியை அடைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக நான் பிரித்து வைத்தவர்கள் ஒரே வாரத்தில் ஒரே சட்டைக்குள் புகுந்துவிட்டார்கள். இரவில் படுத்தால், சளி பிடித்தது ஒன்றுக்கா இரண்டுக்கா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. "வர்றவங்க என்னையும் கேக்கறாங்க. நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். அந்த அஞ்சு அட்டையையும் குடுங்க, படிச்சு வெச்சுக்கறேன்."

நெகிழ்ந்துவிட்டேன். கல்யாணமான நாளாக என் அட்டைகளை அவள் தூசி தட்ட மட்டுமே தொட்டிருக்கிறாள். ஐந்தையும், இணைத்திருந்த குறிப்புத்தாள்களையும் கொடுத்தேன். அடுப்படியில் வைத்துப் படித்தாள்.

"இந்த அஞ்சாம் நம்பரு நல்லா ஓடுவாரா?"

"ஏன்?"

"காலைல எட்டுலேர்ந்து சாயந்திரம் ஆறு வரைக்கும் வடிகால்ல நின்னாருன்னு போட்டிருக்கு. அதே எட்டுலேர்ந்து ஆறு வரைக்கும் இங்க முப்பது பேருக்குப் பாடமும் எடுத்திருக்காரு."

"அந்தக் காலத்து ஆளுங்க உழைப்பாளிங்க."

"ஓகோ." தாளைத் திருப்பினாள். "நிலையத்துக்கு வாங்கின சாமான்ல ஊசி நானூறுன்னு இருக்கே?"

"அடைப்பைக் குத்தி எடுக்க."

"ஊசியாலயா?"

"சின்னச் சின்ன அடைப்பா இருந்திருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள், அட்டைகளை அடுக்கி என் கையில் கொடுத்தபடி. மறுநாள் மதியம் வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டு எங்கோ போனாள். திரும்பி வரும்போது தலைமுடியெல்லாம் தூசி, கையில் நீளமான ஒரு தாள்சுருள்.

"என்ன அது?"

"வெட்டறதுக்கு முன்னாடி பாக்கற படம்."

தையல்காரர்கள் அப்படிச் சுருள்கள் வைத்திருப்பார்கள். நான் மேலே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பார்வையிட வருவதாகப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மனைவி படித்துவிட்டு மறுபடி போனை எடுத்தாள். "அண்ணே, வெள்ளிக்கிழமை பதினொண்ணரைக்கு வந்துடுங்க." பாவம், வீணாக ஓர் ஆளை அலைக்கழிக்கிறாளே என்று கொத்தனாருக்காக இரக்கப்பட்டேன்.

வந்தவர் ஓர் அதிகாரியம்மா. கொண்டையில் ஒரு பென்சில், இடுப்பில் அளவு நாடா. பட்டாளத்தார் விறைப்பாக நின்றார். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்போடு வந்திருந்தார். கொத்தனார் முற்றத்தில் சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சுவரில் சாய்ந்து நின்று, சான்றோர் சுவாசித்த காற்று, சிந்தித்த மூலை என்றெல்லாம் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன்.

அதிகாரியம்மா கோப்பைப் பிரித்தார். "உங்க அகராதியை வெச்சுத்தான் சார் எங்க ஆபீசே ஓடுது. என் மேஜையில எப்பவும் இருக்கும். அதனால உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. விண்ணப்பத்துல விட்டுப்போச்சு. எந்த எண்?"

கூடத்தில் மெஷின்கள் நின்றன. பதினோரு மாணவிகளும் கதவருகே வந்துவிட்டார்கள்.

'இரண்டு' என்று சொன்னால் போதும். சுவர் நிற்கும். அறை நிற்கும். சாய்வு நாற்காலி நிற்கும். டாக்டரம்மா சந்தோஷப்படுவார். 'இரண்டு' தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷத்து உத்தியோகம் உள்ளேயிருந்து அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது.

"அஞ்சு" என்றேன்.

அவர் பக்கத்தைப் புரட்டினார். "வடிகால் மேற்பார்வையாளரா?"

"வடிகாலா!" என்றார் பட்டாளத்தார். "பத்து நாளா நான் யாருக்கு சார் சல்யூட் அடிச்சேன்?"

"ஊரைச் சுத்தமா வெச்சிருந்தவருக்கு. ஒரு சல்யூட் தாங்காதா?"

அவர் படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதிகாரியம்மா வருத்தமாகக் கோப்பை மூடினார். "எனக்கும் அவர் மேல மரியாதைதான் சார். ஆனா நாலு வரிக்குக் குறையாத குறிப்பு, அதுவும் பொடி எழுத்துல இல்லாம இருக்கணும்கறது விதி." முற்றத்தில் கொத்தனார் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் என் மனைவி. "இந்த அஞ்சாம் நம்பர் ஒருத்தர் இல்ல. ரெண்டு பேர்."

என் காதுகளை நான் நம்பவில்லை. என்னிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "என்ன உளர்றே?"

"வடிகால்காரர் வீடு ஆத்தங்கரைப் பக்கம். நகராட்சிக்குப் போய்ப் பாத்தேன், ஊழியர் பட்டியல்லயே ரெண்டு பக்கம் தள்ளி முகவரி இருக்கு. நீங்க முதல் பக்கத்தோட நிறுத்திட்டீங்க." சுருளை மேஜைமேல் விரித்தாள். "இந்த வீட்ல இருந்தது வேற ஆள். ஒரு அம்மா. முப்பது பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லிக் குடுத்திருக்காங்க. இது அவங்க நகராட்சிக்குக் குடுத்த கட்டட வரைபடம். கீழ கையெழுத்து."

அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்கிற பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததோடு சரி.

"சட்டைக்குக் கை வெட்ட இன்னிக்கும் நாங்க போடற கணக்கு இவங்க போட்டதுதான் மேடம். பாடப்புத்தகத்துல முதல் பக்கத்துல பேர் இருக்கு. பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாள் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்." என் பக்கம் திரும்பினாள். "சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டிருக்குமே?"

கேட்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரு முகவரி சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அதிகாரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவங்க வீட்டைத்தானே நாங்க எட்டு வருஷமா தேடறோம்! இந்தத் தெருவையும் பாத்தோம். ஆனா உங்க அகராதியில இந்த முகவரிக்கு நேரா வடிகால்னு போட்டிருந்துது. அதை நம்பி யாரும் உள்ளயே வரல."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதை தாங்க முடியாததாக இருந்தது.

பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி அங்கேயே பரிந்துரை எழுதினார். "இனிமே இது பாதுகாக்கப்பட்ட வீடு. யாரும் ஒரு ஆணியைத் தொட முடியாது."

ஒரு கணம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சுவர்! பிழைத்துவிட்டது! எனக்காக வாதாடி என் மனைவியே அதைக் காப்பாற்றியிருக்கிறாள்! இருபத்திரண்டு வருஷப் பெருமை போனால் போகட்டும். சுவரைத் தட்டிக்கொடுத்தேன். "அண்ணே, நீங்க கிளம்பலாம்" என்று முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

கொத்தனார் அசையவில்லை. அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தை.

"இந்தச் சுவர் படத்துல இல்லையே?"

"இல்லீங்க மேடம்" என்றாள் மனைவி. "ஒரே கூடம். முப்பது பேர் உக்கார்ற இடம்கூட அந்தம்மா புள்ளி வெச்சுக் காட்டியிருக்காங்க. இவர் நாற்காலி இருக்கிற இடத்துல ஆறு பேரு."

கொத்தனார் வந்து விரலால் சுண்டிப் பார்த்தார். "இது பின்னால எழுப்பினதும்மா. கல்லே வேற."

"அப்ப எடுத்துடணும்" என்றார் அதிகாரியம்மா. "பின்னால சேர்த்ததை எல்லாம் நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவரணும். அது சட்டம். தடுத்தா குத்தம்." கனிவாக என்னைப் பார்த்தார். "நீங்க விண்ணப்பம் போடலைன்னா இது நடந்தே இருக்காது சார்."

பரிந்துரைக்குப் பின்னாலேயே உத்தரவும் வந்தது. கொத்தனார் முதல் அடி அடித்தபோது நானும் மனைவியும் நடையில் நின்றுகொண்டிருந்தோம்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"எது? சுவரா, அந்தம்மாவா, நீங்க நம்பர் போடாததா?"

"மூணும்."

"நம்பர்தான் முதல்ல. கடைச் சீட்டுல குளிக்கிற சோப்பு அடைப்புக்குறி ஒண்ணு, துவைக்கிற சோப்பு அடைப்புக்குறி ரெண்டுன்னு எழுதற மனுஷன், ஒரு பெரிய மனுஷருக்கு நம்பர் போடலைன்னா சும்மாவா?"

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நானா சுவரை எடுத்திருந்தா, வருஷம் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. இப்ப சட்டமே சொல்லுது. சட்டத்துகிட்ட மூஞ்சியைத் தூக்கிப் பாருங்க."

அகராதிக்குத் திருத்தம் எழுதினேன். எண் ஐந்து, வடிகால் மேற்பார்வையாளர், ஆற்றங்கரை. எண் ஆறு, தையல் ஆசிரியை, முழுப் பக்கம், பெரிய எழுத்து. தவறைக் கண்டுபிடித்தவர் யார் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். வீட்டில் ஒருவர் என்றேன்.

இதை மாடிப்படிக்குக் கீழே முழங்காலில் அட்டை வைத்து எழுதுகிறேன். கூடத்தில் உட்கார்ந்துதான் எழுத ஆசை. ஆனால் உத்தரவின் ஏழாம் பிரிவு, அந்த அம்மையார் காலத்துக்குப் பிற்பட்ட எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்கிறது. ஒன்பது மெஷின்களுக்கும் மனைவி விதிவிலக்கு எழுதி வாங்கிவிட்டாள். என்னைச் சேர்க்க மறந்துவிட்டாளாம்.